ஊதா மூடிக் குழாயும் ஊர்க் கதைகளும்

மாரி மழை தொடங்கிச் சில கிழமைகளில் உடுவில் பக்கம் காய்ச்சலும் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சிரட்டையிலும் பழைய ரயரிலும் கூரைப் பீலியிலும் தேங்கிய தண்ணீரில் பெருகும் நுளம்பு, தை மாதம் வரைக்கும் பல வீடுகளில் ஆளைப் பாயில் விழுத்தும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் டொக்டர் துண்டில் எழுதித் தருவது பெரும்பாலும் எஃப்.பி.சி. எனும் முழு இரத்தக் கல எண்ணிக்கைச் சோதனைதான். சுன்னாகத்திலோ மருதனார்மடத்திலோ இணுவிலிலோ இரத்தம் கொடுத்துவிட்டு, பின்னேரம் ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வருவோம். அன்றிரவு வீட்டில் கதை முழுக்க அந்த ஒரு தாளைப் பற்றித்தான். பிளேட்லெட் எத்தனை, நேற்று எத்தனை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை.

2017 இல் இலங்கை முழுவதும் 186,000 இற்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தச் சோதனை ஒரு தடவையல்ல, நாளுக்கு நாள் செய்யப்பட்டிருக்கும். இவ்வளவு பழகிய சோதனையைப் பற்றி இவ்வளவு பிழையான நம்பிக்கைகள் ஊரில் உலாவுவது எனக்குக் கவலையைத் தருகிறது. நம்பிக்கை பிழைத்தால் வைத்தியசாலைக்குப் போகவேண்டியவர் வீட்டில் இருந்துவிடுவார். பயப்படத் தேவையில்லாதவர் இரவிரவாக அலைவார்.

“மெசினில வந்த எண் பிழைக்குமே?”

அதிகம் கேட்பது இதுதான். கொம்பியூட்டரில் அச்சடித்து, பக்கத்தில் வளைகோட்டுப் படங்களும் போட்டு வரும் தாளைச் சந்தேகிக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் மெசின் எப்படி எண்ணுகிறது என்று தெரிந்தால், எங்கே பிழைக்கும் என்பதும் விளங்கிவிடும்.

அமெரிக்காவில் சிக்காகோ நகரில் வொலஸ் கூல்ற்றர் 1940களின் கடைசியில் கண்டறிந்து, 1953 இல் காப்புரிமை பெற்ற வழிதான் இன்றும் பெரும்பாலான மெசின்களின் அடிப்படை. இரத்தத்தை உப்புக் கரைசலில் ஐதாக்கி, ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துளையொன்றுக்குள்ளால் உறிஞ்சுவார்கள். துளைக்குள்ளால் மின்னோட்டமும் ஓடிக்கொண்டிருக்கும். இரத்தக் கலம் மின்னை நன்றாகக் கடத்தாது. ஆகவே ஒரு கலம் துளையைத் தாண்டும் கணத்தில் மின்தடை ஏறி இறங்கும். ஒரு ஏற்றத்துக்கு ஒரு கலம்; ஏற்றம் எவ்வளவு உயரமோ கலம் அவ்வளவு பெரிது. வெண்குழியங்களை எண்ணுவதற்கு முதலில் செங்குழியங்களை ஒரு மருந்து விட்டு உடைத்துவிடுவார்கள். அப்படி உடைந்து வெளியே வந்த ஈமோகுளோபினின் நிறத்தை அளந்து அதன் அளவையும் சொல்வார்கள். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். பல ஆயிரம் கலங்கள்.

கவனிக்க வேண்டியது, இந்த வழியில் மெசின் கலத்தைப் பார்ப்பதில்லை என்பது. அதன் பருமனை மட்டும் அறிகிறது. திருவிழாக் கூட்டத்தில் ஒற்றை ஆள் போகும் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, தோளில் உரசும் கனத்தை வைத்துப் பெரியவர் எத்தனை, சிறுபிள்ளை எத்தனை என்று எண்ணுவது போன்ற வேலை இது. நாலு பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு ஒன்றாகப் போனால் ஒரு பெரியவர் என்று கணக்கு விழும்.

பிளேட்லெட் விடயத்தில் நடப்பது சரியாக இதுதான். ஊதா மூடிக் குழாய்க்குள் ஈ.டி.ரி.ஏ. என்ற உப்பு பூசியிருக்கும். இரத்தம் உறையாமல் வைத்திருப்பது அது. ஆயிரத்தில் ஒருவர் அளவில், சிலருடைய இரத்தத்தில் இந்த உப்புப் பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளத் தொடங்கும். உடம்புக்குள் அவை ஒட்டுவதில்லை, குழாய்க்குள் மட்டும்தான். மெசினுக்கு அந்தத் திரள் ஒரு வெண்குழியம்போலத் தோன்றும், அல்லது கணக்கில் சேராமலே போகும். 240,000 இருக்கும் ஆளுக்கு 35,000 என்று தாள் வரும். மெசின் பழுதாகவில்லை, தன் முறைக்கு உண்மையாகத்தான் எண்ணியிருக்கிறது. ஆனால் அந்த எண் பொய்.

இதைவிட அடிக்கடி நடப்பது குழாயில் சிறு உறைவு. அழும் பிள்ளையின் கையில் நரம்பு பிடிபடாமல், மெல்ல மெல்ல இரத்தம் எடுத்து, குழாயை உடனே எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்காமல் விட்டால், அரிசி மணியளவு உறைவு ஒன்று அடியில் கிடக்கும். பிளேட்லெட்டுகள் அதற்குள் சிக்கிவிடும். டெங்கு காலத்தில், பிள்ளைகளின் இரத்தத்தில், இந்தப் பிழை உண்மையான டெங்குபோலவே தோன்றும் என்பதுதான் ஆபத்து.

மறுபக்கப் பிழையும் உண்டு. இரும்புச்சத்துக் குறைந்த இரத்தத்தில் செங்குழியங்கள் சிறுத்திருக்கும். சில உடைந்த துண்டுகளும் இருக்கும். வழக்கமான செங்குழியம் 80 முதல் 100 ஃபெம்டோலீற்றர் பருமன். பிளேட்லெட் என்று மெசின் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 30 இற்குக் கீழே உள்ளவற்றை. அந்த எல்லைக்குள் விழுகிற செங்குழியத் துண்டுகளும் பிளேட்லெட்டாக எண்ணப்படும். அப்போது எண் உண்மையைவிடக் கூடி வரும். இந்தப் பக்கப் பிழைதான் எனக்குக் கூடப் பயம், ஏனென்றால் கூடிய எண்ணைக் கண்டு யாரும் திரும்பச் சோதிக்கச் சொல்வதில்லை.

இவற்றைப் பிடிப்பதற்கு முக்கியமான வழி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பார்ப்பது. பழகிய எம்.எல்.ரி. (மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்) ஒருவர் செய்வதைப் பார்த்தால் மிகவும் இலேசான வேலைபோலத் தெரியும். தகட்டின் ஓரத்தில் சொட்டை வைத்து, இன்னொரு தகட்டின் விளிம்பைச் சரித்துச் சொட்டில் தொட்டு, அது விளிம்பு நீளத்துக்குப் பரவியதும் ஒரே இழுப்பாக முன்னே தள்ளுவார். தலைப்பக்கம் தடித்து, வால்பக்கம் நாக்கு நுனிபோல மெலிந்த படலம் வரும். காய்ந்ததும் லீஷ்மன் சாயத்தை ஊற்றி இரண்டு நிமிடம், பிறகு தாங்கற்கரைசல் விட்டுக் கலக்கி இன்னும் ஏழெட்டு நிமிடம். கழுவி நிமிர்த்தி வைத்துக் காயவிட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வைப்பார். முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் வால் நுனியைப் பார்ப்பார், திரள்கள் ஒதுங்குவது அங்கேதான். அங்கே ஊதா நிறத்தில் கூட்டம் கூட்டமாகப் பிளேட்லெட் கிடந்தால் மெசின் சொன்ன 35,000 ஐ அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடலாம். பிறகு எண்ணெய் விட்டு நூறு மடங்கு வில்லையில், கலங்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடக்கும் பகுதியில், ஒரு பார்வைப் புலத்தில் எத்தனை பிளேட்லெட் என்று பார்ப்பார். ஒன்று தெரிந்தால் ஏறக்குறைய 15,000 முதல் 20,000 வரை என்பது பழைய கணக்கு. பத்துப் புலம் பார்த்துச் சராசரி எடுத்தால், மெசின் எண் நம்பக்கூடியதா என்று சொல்ல அது போதும்.

“அந்தக் காலத்து ஆக்கள் கையால எண்ணினதுதான் சரி”

மேலே எழுதியதைப் படித்துவிட்டு இந்தப் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. வயதானவர்கள் சிலர் மனதார நம்புவது இது. எங்கள் பகுதிக்கு மேலைத்தேய மருத்துவத்தோடு நீண்ட உறவு இருப்பதால் அந்த நம்பிக்கைக்கு ஒரு பெருமையும் சேர்ந்திருக்கிறது. உடுவிலிலிருந்து சற்றுத் தூரத்தில் இருக்கும் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கியது 1848 இல். பின்னாளில் அதைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவர் மானிப்பாயில் இருந்த அந்த ஆண்டுகளில்தான், 1852 இல், ஜெர்மனியில் கார்ல் ஃபியரோர்ட் என்பவர் இரத்தக் கலங்களை முதன்முதலாக அளவோடு எண்ணி வெளியிட்டார். ஒரு எண்ணிக்கைக்கு மணிக்கணக்கில் நேரம் பிடித்தது. பிறகு அறுபது எழுபது ஆண்டுகளில் அந்த வேலை நொய்பவர் அறை என்ற சிறிய கண்ணாடித் தட்டில் வந்து நின்றது. இன்றும் ஒவ்வொரு ஆய்வுகூட இலாச்சியிலும் ஒன்று இருக்கும்.

அந்தத் தட்டில் மெல்லிய கோடுகளால் சதுரங்கள் கீறியிருக்கும். பெரிய சதுரம் ஒன்று ஒரு மில்லிமீற்றர் நீள அகலம். மேலே மூடும் கண்ணாடிக்கும் தட்டுக்கும் இடையே ஆழம் 0.1 மில்லிமீற்றர். வெண்குழியம் எண்ணுவதானால் இரத்தத்தை 20 மடங்கு ஐதாக்கி உள்ளே விட்டு, நான்கு மூலைச் சதுரங்களிலும் எண்ணி, வந்த தொகையை 50 ஆல் பெருக்க வேண்டும். கோட்டின் மேலே கிடக்கும் கலத்தில் இரண்டு பக்கத்ததைச் சேர்த்து இரண்டு பக்கத்ததை விட வேண்டும். பிளேட்லெட் இன்னும் சிக்கல். அமோனியம் ஒக்சலேற்றில் செங்குழியங்களை அழித்து, தட்டை ஈரத்தாள் வைத்த மூடிய பாத்திரத்துக்குள் கால் மணித்தியாலம் வைத்து, பிளேட்லெட் அடியில் படிந்த பிறகுதான் எண்ணலாம். தூசும் பிளேட்லெட்டும் ஒன்றுபோல மின்னும். பழகிய கண்ணுக்கே தடுமாறும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். டெங்குக் காய்ச்சலில் வெண்குழியம் 2,000 இற்கு இறங்கிய ஒருவர். நான்கு சதுரங்களிலும் சேர்த்து எண்ணக் கிடைப்பது 40 கலம். நாற்பதை எண்ணும்போது, கலங்கள் தற்செயலாகச் சிதறி விழுவதால் மட்டும் வரும் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 12 அல்லது 13, இரு பக்கமும். அதாவது உண்மை 2,000 ஆக இருக்கத் தாளில் 1,400 என்றும் வரலாம், 2,600 என்றும் வரலாம். எண்ணியவர் எந்தப் பிழையும் விடாவிட்டாலும் இப்படித்தான். பிளேட்லெட்டை நூறு மடங்கு ஐதாக்கி நடுச் சதுரம் ஒன்றில் எண்ணினால், 50,000 உள்ளவருக்கு எண்ணக் கிடைப்பது 50. விடை 36,000 இற்கும் 64,000 இற்கும் இடையில் எங்கும் விழலாம். இதற்கு மேல் ஐதாக்குவதில் வரும் பிழை, தட்டை நிரப்புவதில் வரும் பிழை, இருபதாவது மாதிரியில் வரும் களைப்பு.

மெசினுக்குக் களைப்பில்லை. அது எண்ணும் கலங்கள் ஆயிரக்கணக்கில் என்பதால் தற்செயல் ஏற்ற இறக்கம் மிகச் சுருங்கிவிடும். திரும்பத் திரும்ப அதே இரத்தத்தை வைத்தால் ஏறக்குறைய அதே எண்ணைத் தரும். வெண்குழியத்தில் எந்த வகை எத்தனை வீதம் என்று பிரிப்பதிலும் இதே நியாயம்தான். தகட்டில் நூறு கலம் பார்த்து இயோசினோபில் 5 வீதம் என்று எழுதினால், உண்மை 2 வீதமாகவும் இருக்கலாம், 11 வீதமாகவும் இருக்கலாம். தெல்லிப்பளை புற்றுநோய்ப் பிரிவில் மருந்தேற்றும் ஒருவருக்கு வெண்குழியம் ஆயிரத்துக்குக் கீழே இறங்கிய பிறகு தகட்டில் நூறு கலம் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அவருக்கு அடுத்த மருந்து ஏற்றலாமா என்பது நியூட்ரோபில் என்ற வெண்குழிய வகையின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அங்கே நல்ல மெசின் சொல்லும் எண்தான் எனக்குப் பெரிது.

ஆகவே எத்தனை என்ற கேள்விக்கு மெசின்; அது என்ன என்ற கேள்விக்குக் கண். கையால் எண்ணுவது சரி என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கும் இடம், அந்தக் காலத்தில் எண்ணியவர் இரத்தத்தைக் கட்டாயம் பார்க்கவும் செய்தார் என்பதுதான். எண்ணும் வேலை மெசினுக்குப் போனபோது பார்க்கும் வேலையும் சில இடங்களில் சேர்ந்து போய்விட்டது.

கை வேலையை மறக்கக் கூடாது என்பதற்கு எங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சுன்னாகத்தில் மின்நிலையம் இருந்தும், 1990 இற்குப் பிறகு பல ஆண்டுகள் போரினால் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரம் இல்லாமல் இருந்தது. கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தைத் திருப்பிப் பார்க்கும் நுணுக்குக்காட்டிக்கு மின்சாரம் தேவையில்லை, மெசினுக்குத் தேவை. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தது. அந்த ஆண்டு டொலர் தட்டுப்பாட்டால் மருந்துகளோடு ஆய்வுகூட இரசாயனங்களும் தட்டுப்பட்டன. மெசினுக்குள் ஊற்றும் கரைசல் முடிந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெசினும் மேசையில் சும்மாதான் இருக்கும்.

“ரெண்டு லாப், ரெண்டு எண். ஒருத்தன் பொய்”

காலையில் சுன்னாகத்தில் 92,000, பின்னேரம் வைத்தியசாலையில் 81,000 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் உடனே வழக்கு: எந்த லாப் பிழை? இரண்டும் சரியாக இருக்கலாம். டெங்குவில் பிளேட்லெட் மணிக்கு மணி இறங்கும் நாட்கள் உண்டு. ஏழு மணித்தியாலத்தில் பதினோராயிரம் இறங்குவது புதினமில்லை. இறங்காவிட்டாலும்கூட, இரண்டு மெசின்களுக்கிடையே இந்தளவு வித்தியாசம் வரும். அமெரிக்காவில் ஆய்வுகூடங்களைச் சோதித்துத் தேர்ச்சி கொடுக்கும் விதிகளே பிளேட்லெட்டில் 25 வீத விலகலை ஏற்றுக்கொள்கின்றன. ஈமோகுளோபினில் அப்படியில்லை, அங்கே எல்லை மிகவும் இறுக்கம். பிளேட்லெட் எண்ணுவதற்குக் கடினமானது. குறையக் குறைய இன்னும் கடினம்.

இயலுமானால் ஒரே ஆய்வுகூடத்திலேயே தொடர்ந்து செய்யுங்கள். அப்போதுதான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று டொக்டருக்குத் தெளிவாகத் தெரியும். 92,000 இலிருந்து 88,000 என்பதை இறக்கம் என்று அழவும் தேவையில்லை, 88,000 இலிருந்து 93,000 என்பதை ஏற்றம் என்று துள்ளவும் தேவையில்லை.

“பிளேட்லெட் ஏறினா டெங்கு சுகம், இறங்கினா இரத்தம் ஏத்தவேணும்”

எங்கள் ஊரில் உயிருக்கு ஆபத்தான நம்பிக்கை இது என்பேன். டெங்குவில் ஆட்கள் பெரும்பாலும் இறப்பது பிளேட்லெட் குறைந்து இரத்தம் ஒழுகுவதால் அல்ல. இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசிந்து, ஓடும் இரத்தம் தடித்து, அமுக்கம் விழுவதால். பிளேட்லெட் 100,000 இற்குக் கீழே இறங்குவது அந்தக் கசிவு நெருங்குகிறது என்று சொல்லும் மணி. அதனால்தான் இலங்கையின் தேசிய வழிகாட்டி அந்த எண்ணில் வைத்தியசாலையில் சேரச் சொல்கிறது. கசிவு நடக்கும் 24 முதல் 48 மணித்தியாலங்களில் டொக்டர்கள் கண்ணை எடுக்காமல் பார்க்கும் எண் வேறு. அது பி.சி.வி., இரத்தத்தில் செங்குழியங்கள் பிடிக்கும் பங்கு.

இந்த பி.சி.வி. யில்தான் மெசினும் கையும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. டெங்கு வார்ட்டில் இதை இன்றும் கையால் செய்கிறார்கள். மயிர்த்துளைக் குழாயில் ஒரு சொட்டு இரத்தத்தை ஏற்றி, ஒரு முனையைக் களிபோன்ற பசையால் அடைத்து, சிறிய சுழற்றியில் ஐந்து நிமிடம் வேகமாகச் சுழற்றினால் செங்குழியங்கள் அடியில் இறுகிவிடும். சிவப்புப் பத்தியின் உயரத்தை மொத்த உயரத்தோடு ஒப்பிட்டு வாசிப்பார்கள். லாபுக்கு அனுப்பிக் காத்திருக்கத் தேவையில்லை, நள்ளிரவிலும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே விடை கிடைக்கும். மெசின் இதை நேரே அளப்பதில்லை. செங்குழிய எண்ணிக்கையையும் அவற்றின் சராசரிப் பருமனையும் பெருக்கிச் சொல்கிறது. சுழற்றும்போது செங்குழியங்களுக்கிடையே கொஞ்சம் திரவம் சிக்குவதால் கையால் வரும் எண் மெசின் எண்ணைவிடச் சற்றுக் கூடியிருக்கும்.

கேட்பதற்குச் சிறிய விடயம். ஆனால் டெங்குவில் முடிவுகள் எடுக்கப்படுவது அடிப்படை எண்ணிலிருந்து 20 வீதம் ஏறியதா என்பதை வைத்து. 36 இலிருந்து 44 என்றால் கசிவு உறுதி. முதல் எண் மெசினிலும் அடுத்த எண் சுழற்றியிலும் எடுத்தால், ஒன்றும் நடக்காமலே ஒரு புள்ளி ஏறியதுபோலத் தோன்றும். அதனால் வார்ட்டில் கையால் தொடங்கியதைக் கையாலேயே தொடர்வார்கள். “லாப் மெசின் இருக்க ஏன் இந்தப் பழைய சாமானால சுத்துறாங்கள்?” என்று உறவினர்கள் முகம் சுழிப்பதுண்டு. அந்தப் பழைய சாமான் செய்வது அந்த வார்ட்டிலேயே மிக அவசரமான வேலை.

பிளேட்லெட் ஏற்றுவது பற்றி ஒன்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 வயதுவந்த டெங்கு நோயாளர்களில் செய்து 2017 இல் வெளியான ஆய்வு, 20,000 இற்குக் குறைந்தும் இரத்தப்போக்கு இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றுவதால் இரத்தப்போக்கு குறையவில்லை என்று காட்டியது. பக்க விளைவுகள்தான் கூடின. கசிவு காலம் கடந்ததும் பிளேட்லெட் தானாக ஏறத் தொடங்கும். பப்பாசி இலைச் சாறு குடித்தவருக்கும் ஏறும், குடிக்காதவருக்கும் ஏறும். வாந்தியோடு கிடக்கும் பிள்ளைக்குக் கசப்புச் சாற்றைப் பருக்கி இன்னும் வாந்தியெடுக்க வைப்பதைவிட, டொக்டர் சொன்ன அளவுக்கு ஜீவனியும் கஞ்சியும் கொடுத்து, எவ்வளவு குடித்தது, எத்தனை தரம் சலம் போனது என்று கொப்பியில் எழுதிவைப்பது எவ்வளவோ மேல்.

“சாப்பிடாமல் போகவேணும்”

எஃப்.பி.சி. க்குத் தேவையில்லை. சீனி, கொழுப்புச் சோதனைகளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். காய்ச்சல்காரரைப் பட்டினி போட்டுத் தண்ணீரும் கொடுக்காமல் அழைத்துப்போவது நேர்மாறான வேலை. உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு: சேலைன் ஏறும் கையிலிருந்து இரத்தம் எடுக்கக் கூடாது. சேலைன் கலந்தால் எல்லா எண்ணும் ஒன்றாக விழுந்துவிடும். அப்படி எல்லாம் ஒன்றாக விழுந்த தாளைக் கண்டாலே நல்ல எம்.எல்.ரி. க்குச் சந்தேகம் வரும்.

“பெரிய மெசின் வந்திட்டுது, இனி ஆள் எதுக்கு?”

மெசின்களில் தரங்கள் உண்டு. சிறிய ஆய்வுகூடங்களில் இருப்பது பெரும்பாலும் வெண்குழியத்தை மூன்றாகப் பிரிப்பது: சிறியது, நடுத்தரம், பெரியது. இயோசினோபில் தனியே எத்தனை என்று அது சொல்லாது. ஒளியையும் சாயத்தையும் சேர்த்துப் பார்க்கும் பெரிய மெசின் ஐந்தாகப் பிரிக்கும். ஆனால் இரண்டுமே ஒரு கட்டத்தில் கையை உயர்த்தி “எனக்கு நிச்சயமில்லை” என்று குறி போடும். எண்ணுக்குப் பக்கத்தில் விழும் நட்சத்திரம், எழுத்து, எச்சரிக்கை வரி எல்லாம் அதுதான். திரள் இருக்கலாம், பிஞ்சுக் கலம் இருக்கலாம் என்று சொல்லி அடுத்த வேலையை ஆளிடம் கொடுக்கிறது. எந்தக் குறிக்குத் தகடு பார்க்க வேண்டும் என்று பல நாட்டு நிபுணர்கள் கூடி 2005 இல் 41 விதிகள் வெளியிட்டார்கள். அந்த விதிகள் இவ்வளவு நல்ல மெசின்கள் வந்த பிறகு எழுதப்பட்டவை என்பதைக் கவனியுங்கள்.

வெண்குழியம் 60,000 என்று மெசின் சொன்னால் அது கிருமித் தொற்றா, இரத்தப் புற்றா என்பதைத் தகடுதான் சொல்லும். மலேரியாவும் அப்படியே. இலங்கையை மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார அமைப்பு 2016 செப்ரெம்பரில் அறிவித்ததற்குப் பின்னால், பல பத்தாண்டுகளாக நுணுக்குக்காட்டியில் தகடு தகடாகப் பார்த்த கண்கள் இருக்கின்றன. இன்றும் ஆபிரிக்காவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ காய்ச்சலோடு வரும் ஒருவரின் செங்குழியத்துக்குள் ஒட்டுண்ணியைக் கண்டுபிடிப்பதற்கு அந்தக் கண் தேவை. சாதாரண எஃப்.பி.சி. எண்கள் அதைச் சொல்லமாட்டா.

மெசினை நம்பத் தகுந்ததாக வைத்திருப்பதும் ஆள்தான். காலையில் முதல் நோயாளியின் குழாயை வைப்பதற்கு முன், எண் முன்கூட்டியே தெரிந்த கட்டுப்பாட்டு இரத்தத்தை வைத்து, வந்த விடையை வரைபில் புள்ளியிட்டுப் பார்க்க வேண்டும். புள்ளிகள் ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கினால் மெசினை நிறுத்த வேண்டும். ஈமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் பி.சி.வி. க்குக் கிட்ட வருகிறதா என்று மனக்கணக்குப் போட வேண்டும். செங்குழியங்கள் வழக்கமான அளவில் உள்ளவருக்கு வராவிட்டால் எங்கோ பிழை. இந்த வேலைகள் எதுவும் தாளில் அச்சாவதில்லை, அதற்கென்று நோயாளியிடம் தனிக் காசு வாங்குவதுமில்லை. ஆனால் ஒரு ஆய்வுகூடத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக்காட்டுவது இதுதான். மெசின் புதிதா பழையதா என்று விசாரிப்பதைவிட, ரிப்போர்ட்டில் கையெழுத்து வைப்பவர் மருத்துவச் சபையில் பதிவான எம்.எல்.ரி. தானா, பிளேட்லெட் குறைந்தால் தகடு பார்க்கிறீர்களா என்று கேட்பது நோயாளியின் உரிமை. மரியாதையாகக் கேட்டால் நல்ல லாப்காரர் கோபிக்க மாட்டார். பார்த்ததை ரிப்போர்ட்டின் கீழே ஒரு வரியாக எழுதியும் தருவார்.

காய்ச்சல் இல்லை, உடம்பில் கண்டல் இல்லை, முரசில் இரத்தம் இல்லை, வேறு எதற்கோ செய்த எஃப்.பி.சி. யில் மட்டும் பிளேட்லெட் 40,000 என்று வந்தால், கொழும்புக்கு ஓட முதல் ஒரு பிளட் பிக்சர், அதாவது இரத்தத்தைத் தகட்டில் பார்க்கும் சோதனை, செய்யச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள். தகட்டில் திரள் தெரிந்தால் நீல மூடிக் குழாயில், சிற்றேற்று உப்பில், திரும்ப இரத்தம் எடுத்து எண்ணுவார்கள். அந்தக் குழாயில் பத்தில் ஒரு பங்கு திரவம் என்பதால் வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்க வேண்டும். எண் வழக்கமானதாக வந்தால் நோய் இல்லை, மருந்தும் இல்லை. ஆனால் அந்தக் குணம் அவருடைய இரத்தத்தில் தொடர்ந்து இருக்கக்கூடும். ஆகவே கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் டொக்டரைக் கொண்டு அதை எழுதுவித்து வைத்திருங்கள். நாளை ஒரு சத்திரசிகிச்சைக்கு முன்னர் வேறொரு வைத்தியசாலையில் இதே ஊதா மூடிக் குழாயில் இரத்தம் எடுத்து, பிளேட்லெட் இல்லையென்று திகதியைத் தள்ளிப் போடாமல் இருப்பதற்கு அந்த ஒரு வரி வேண்டும்.